முதல் முடிச்சுக்குத் தண்ணீர் கிடையாது

எங்கள் லாரிக்குப் பக்கப் பலகை கிடையாது. முன்னால் கேபின், பின்னால் ஒரு தட்டு, அவ்வளவுதான். பழைய பாடி துருப்பேறி உதிர ஆரம்பித்தபோது கழற்றிப் போட்டுவிட்டுத் தட்டையாகவே ஓட்டத் தொடங்கினோம். குழாய், கம்பி, மூட்டை என்று எதையும் மூன்று பக்கமிருந்தும் ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் பலகை இல்லாத வண்டியில் சரக்கைப் பிடித்து வைத்திருப்பது கயிறும் தார்ப்பாயும் மட்டுமே. எங்கள் வண்டியில் அவற்றைக் கட்டுகிறவள் நான்.

நம்பாதவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை டீக்கடைக்கு டீக்கடை கேட்டிருக்கிறார்கள். "கிளீனர் எங்கம்மா?" "நான்தான்." "அது இல்லம்மா, கயிறு கட்றவரு?" "அதுவும் நான்தான்." அதற்கப்புறம் என்னைப் பார்க்க மாட்டார்கள். என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் பாட்டுக்கு டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பு அவருக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை, பழகப்போவதும் இல்லை.

நான் லோடு மேல் ஏறியது ஆசைப்பட்டு இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம், சின்னசேலம் பக்கம் ஒரு மில் வாசலில் என் வீட்டுக்காரர் மூட்டைகளின் மேல் நின்று தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார். தார்ப்பாயின் மூலைக் கயிறு நழுவிப் போய்விடக் கூடாது என்று அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். எல்லா டிரைவரும் செய்கிற காரியம்தான். காற்று ஒரு தூக்குத் தூக்கியது. தார்ப்பாய் போன திசைக்கு அவரும் போனார். கீழே விழுந்ததில் வலது தோள் எலும்பு நொறுங்கிவிட்டது. ஸ்டியரிங் பிடிக்கலாம், சோறு சாப்பிடலாம். கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. ஆள் வைத்துப் பார்த்தோம், ஒருவரும் மூன்று மாதம் தங்கவில்லை. ஒரு நாள் நானே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினேன். கீழே நின்று அவர் சொல்லச் சொல்லக் கட்டினேன். இரண்டாவது மாதத்திலேயே அவர் சொல்வதை நிறுத்திவிட்டார், சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

எங்கள் பக்கத்து ஆடிக் காற்றை மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கல்வராயன் மலையைத் தாண்டி மேற்கேயிருந்து வரும். மலை அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் கரும்புத் தோட்டங்களைப் படுக்க வைத்துவிட்டு, கிழக்கே போகப் போக வெட்டவெளியில் இன்னும் கொழுக்கும். புடவையைக் காயப்போட்டால் அடுத்த தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும். அந்தக் காற்றில் தார்ப்பாய் கட்டுவதற்கு பலம் தேவையில்லை. பலம் இருக்கிறது என்று நினைக்கிறவன்தான் கீழே விழுகிறான். காற்றோடு மல்லுக்கட்டாமல் இருக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்த வேண்டும். களத்தில் இடம் இல்லை, வழியை மறிக்கிறது என்று யார் கத்தினாலும் சரி, மூக்கு மேற்கே பார்க்காமல் நான் மேலே ஏற மாட்டேன். தார்ப்பாயைச் சுருட்டின சுருட்டாகவே மேலே தூக்கி வைத்து, காற்று வரும் பக்கத்து ஓரத்தை முதலில் கட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். மொத்தமாக விரித்துவிட்டு அப்புறம் கட்டலாம் என்று நினைத்தால் அது கப்பல் பாயாகிவிடும். இரண்டு தார்ப்பாய் என்றால் பின்னாலிருப்பதை முதலில் போட்டு, முன்னாலிருப்பது அதன் மேல் ஏறி உட்கார்கிற மாதிரி போட வேண்டும். மாற்றிப் போட்டால் வண்டி ஓடும்போது காற்று இடுக்கில் வாய் வைத்து ஊதும். மூட்டையின் முனைகளில் பழைய டியூபை வெட்டிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கயிறு அறுபடும். கயிற்றை எந்தக் காரணத்துக்கும் உடம்பில் சுற்றக் கூடாது. எங்கள் வீட்டில் அதற்கு சாட்சி தினமும் இடது கையால் தலை வாரிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது. கட்டிவிட்டோம் என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. வண்டி ஓட ஓட மூட்டை படியும், மூட்டை படிந்தால் கயிறு தொளதொளக்கும். கிளம்பின கொஞ்ச தூரத்தில் ஓரம் கட்டி, இறங்கி, ஒவ்வொரு முடிச்சையும் கையால் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கச்சிராயபாளையத்தில் கிளம்பினால் கள்ளக்குறிச்சி தாண்டினதும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்துவோம். நான் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவேன். அவர் அதற்குள் முகம் கழுவிக்கொள்வார்.

இப்போது களத்துக்கு வருகிறேன். கச்சிராயபாளையத்துக்கு வெளியே மக்காச்சோளம் ஏற்றுகிற ஒரு களம். மலையிலிருந்து சின்ன வண்டிகளில் இறங்கி வரும் சோளமெல்லாம் அங்கே மூட்டையாகி, உளுந்தூர்பேட்டையைத் தாண்டி இருக்கிற கோழித் தீவன மில்லுகளுக்குப் போகும். எங்கள் வண்டிக்கு மாதத்தில் பாதி லோடு அங்கேதான். மூட்டை ஏற்றுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. மேஸ்திரி நல்ல மனுஷர்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கோபத்தில் எழுதுவதாக நினைப்பீர்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் அவர் நல்ல மனுஷர்.

அந்தக் களத்தில் ஒரு வழக்கம். லோடு கட்டி முடித்ததும் மேஸ்திரி ஒரு செம்பில் மஞ்சள் கரைத்த தண்ணீர் எடுத்து வருவார். கேபின் படியில் ஏறி நின்று, டிரைவர் பக்கம் முன்மூலையில் போடுகிற முதல் முடிச்சின் மேல் ஊற்றுவார், மற்ற முடிச்சுகளின் மேல் தெளிப்பார். வாயில் ஏதோ முனகுவார். "நல்லபடியா போய்ட்டு வா" என்பார். அப்புறம்தான் வண்டி களத்தை விட்டு நகரும். தேங்காய் நார்க் கயிறும் சணல் கயிறும் இருந்த காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. அந்தக் கயிறுகள் நனைந்தால் உப்பி, இறுகி, முடிச்சைக் கவ்விக்கொள்ளும். யாரோ விவரம் தெரிந்தவர் ஆரம்பித்து வைத்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது எல்லா வண்டியிலும் நைலான் கயிறு. நைலான் நனைந்தால் வழுக்கும். முடிச்சு கையில் சோப்பு மாதிரி நழுவும். அதிலும் முதல் முடிச்சுதான் மொத்தக் கயிற்றுக்கும் பிடிப்பு, அதன் தலையிலேயே ஒரு செம்பு தண்ணீர். கயிறு மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தண்ணீர் மட்டும் மாறவில்லை.

நான் முதல் வருஷமே சொல்லிவிட்டேன். "அண்ணே, இது நைலானு. தண்ணி ஊத்துனா வழுக்கும்ணே."

மேஸ்திரி என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். "எங்கப்பா காலத்துலேர்ந்து ஊத்திக்கினு வர்றோம். ஒரு வண்டி கவுந்ததில்ல."

"கவுந்த வண்டி திரும்பி வந்து உங்ககிட்ட சொல்லிச்சா?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் ஊற்றிவிட்டுப் போனதும் நான் முடிச்சை அவிழ்த்து, என் முந்தானையால் கயிற்றைத் துடைத்து, மறுபடி கட்டினேன். அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. அவர் ஊற்றுவார், நான் கொஞ்ச தூரம் போய் அவிழ்த்துத் துடைத்துக் கட்டுவேன். களத்தில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் நேராகப் பேசவில்லை. வண்டி கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால் "பொம்பள கட்டு" என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் வேண்டுமென்றே தும்முவார்.

போன வருஷம் ஆடி நடுவில் அந்தப் பேச்சு முன்னால் வந்துவிட்டது. நாங்கள் லோடு ஏற்றி முடித்து, நான் கட்டி இறங்கி நிற்கிறேன். மேஸ்திரி செம்போடு வந்தார். ஊற்றும் முன்னால் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"தம்பி, ஒண்ணு சொல்லிடறேன். நான் ஊத்துன முடிச்ச உன் வூட்டுக்காரி வழில அவுத்துத் தொடைக்கிறாளாம். அது எங்களக் காறித் துப்பற மாதிரி. இன்னொருக்கா அவுத்தான்னு காதுல வுழுந்துச்சு, இந்தக் களத்துல உங்க வண்டிக்கு எங்காளுங்க மூட்டத் தூக்க மாட்டாங்க. அவ்ளோதான்."

என் வாயில் பதில் தயாராக இருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். அவர் நாலு பேருக்கு முன்னால் என் கையைப் பிடிக்கிறவர் இல்லை.

"வுடு" என்றார். "ஒரு செம்பு தண்ணிதான. வுட்டுடு. இந்தக் களம் போச்சுன்னா எங்க போவோம்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மில் லோடுக்கு இந்தக் களத்தை விட்டால் ஆத்தூர் பக்கம் போய் நிற்க வேண்டும், அங்கே பெரிய வண்டிகளுக்கு நடுவில் எங்கள் தட்டு லாரியை யார் சீந்துவார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். விட்டுவிட்டேன். மேஸ்திரி முதல் முடிச்சின் மேல் செம்பு முழுவதையும் கவிழ்த்தார். மஞ்சள் தண்ணீர் கயிறு வழியாக ஓடி என் காலடியில் சொட்டியது. "நல்லபடியா போய்ட்டு வாம்மா" என்று என்னைப் பார்த்தே சொன்னார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

கேபினில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன். கோபம் மேஸ்திரி மேல் பாதி, இவர் மேல் பாதி. கள்ளக்குறிச்சி தாண்டிப் புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார். நான் இறங்கவில்லை.

"இறங்கிப் பாக்கலியா?" என்றார்.

"யாரு தண்ணி ஊத்துனாங்களோ அவங்கள வந்து பாக்கச் சொல்லு" என்றேன்.

அவர் தானே இறங்கினார். வலது கையைத் தூக்க முடியாது, இடது கையால் எட்டின முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். அந்த முதல் முடிச்சு உயரத்தில் இருந்தது, ஒற்றைக் கையால் ஏறி எட்ட முடியாது. கண்ணால் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். "நல்லாத்தான் கீது" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். கயிறு கட்டுகிற எத்தனையோ பேரை எத்தனையோ குறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மரத்தடியில் நான் செய்ததை வேறு யாராவது செய்திருந்தால் நான் அவர்களை மனுஷராகவே மதித்திருக்க மாட்டேன்.

அன்றைக்கு மெயின் ரோட்டில் ஏதோ வேலை நடந்ததால் களமருதூர் பக்கமாகச் சுற்றிப் போனோம். ரோடு வடக்கே திரும்பியதும் அதுவரை முதுகில் தள்ளிக்கொண்டு வந்த காற்று இடது பக்கமிருந்து அடிக்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் நடவு வயல். வலது ஓரமாக நடவு முடித்த பெண்கள் நாலைந்து பேர் வரிசையாக எதிரே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மேலே ஒரு சத்தம் கேட்டது, துணியை உதறுகிற சத்தம். தார்ப்பாய் உப்புகிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது. "நிறுத்து" என்றேன். அவர் கண்ணாடியில் பார்த்து அதற்கு முன்னாலேயே பிரேக் மேல் கால் வைத்துவிட்டார். அதற்குள் முதல் முடிச்சு விட்டுவிட்டது. தார்ப்பாயின் ஒரு பக்கம் கிளம்பி மேலே எழுந்தது. கயிற்றின் நுனியில் இருந்த இரும்புக் கொக்கி வெளியே சுழன்று அடித்தது. முன்னால் வந்தவள் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள்.

முகம் தப்பியது. வலது மணிக்கட்டில் பட்டது.

அவள் கத்தக்கூட இல்லை. ரோட்டில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். விரல்களில் இன்னும் சேறு இருந்தது. கை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் ஓடிப்போய் என் முந்தானையில் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டேன். மற்ற பெண்கள் என்னைத் திட்டினார்கள், நல்லா திட்டினார்கள். அவரை லாரியோடு அங்கேயே விட்டுவிட்டு, வந்த ஓர் ஆட்டோவை நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். களமருதூர்க்காரி, சொந்த நிலம் கிடையாது, நடவும் களையெடுப்பும் அறுப்பும்தான் பிழைப்பு. நடவு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. வலது கை இல்லாமல் நாற்றை எப்படி ஊன்றுவது. இதை அவள் சொல்லவில்லை, எனக்கே தெரியும். நானும் வயலில் நின்றவள்தான். அவள் வீட்டு ஆட்கள் வந்தார்கள். நான்கைந்து பேர் என்னை முறைத்தார்கள். எல்லா செலவும் எங்களுடையது என்று சொன்னேன். போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தபோது அவளே சொன்னாள், "காத்து சார். தார்ப்பாய் பிச்சுகினு வந்துச்சு. கேசு கீசு எதுவும் வேணாம்." அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

எல்லோரும் நகர்ந்த பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். என் முகம் எப்படி இருந்ததோ, எனக்கே ஆறுதல் சொல்கிறாள்.

"வுடுங்கம்மா. ஆடிக் காத்து. நீங்க இன்னா பண்ணுவீங்க."

சரி என்று தலையாட்டியிருக்கலாம். வண்டிக்குக் கேஸ் இல்லை, அவர் லைசென்ஸுக்கு ஆபத்து இல்லை. எழுந்து போயிருக்கலாம். ஆனால் காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் எழுந்து போவதா? எனக்கு அந்தப் பெஞ்சில் உட்காரவே முடியவில்லை.

"காத்து இல்லம்மா" என்றேன். "முடிச்சு அவுந்துடுச்சு. நைலான் கயிறு, தண்ணி பட்டா வழுக்கும். களத்துல தண்ணி ஊத்துனாங்க. வழுக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். அவுத்துத் தொடச்சிக் கட்டியிருக்கணும், கட்டல. கோவத்துல நடுவுல எறங்கி பாக்கவும் இல்ல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த ஆறுதல் மெல்லப் போய்விட்டது. அடுத்து பேசும்போது 'அம்மா'வும் இல்லை, 'ங்க'வும் இல்லை.

"தெரிஞ்சுகினே ஏன் வுட்ட?"

 வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவள், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். "இனிமே என் கயித்துல ஒரு சொட்டு தண்ணி படக் கூடாது. களம் போனாப் போவட்டும்." அவர் மறுநாள் சொன்னார், அதற்கடுத்த நாளும் சொன்னார். மேஸ்திரியிடம் பக்குவமாகப் பேசிப் பார்க்கலாம், ரெண்டு சொட்டு மட்டும் தெளிக்கச் சொல்லலாம், முதல் முடிச்சை விட்டுவிட்டு வேறே எங்காவது ஊற்றச் சொல்லலாம். "ரெண்டு சொட்டுல அவ கை நேராயிடுமா?" என்று கேட்டேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் அவள் வீட்டுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போய் வந்தோம். அவள் வாசலில் உட்கார்ந்து வயலுக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களை வா என்பாள், உட்கார் என்பாள். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆடி முடிந்தது, ஆவணியும் கடைசிக்கு வந்தது, காற்று மட்டும் அடங்கவில்லை. அதுவரை நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை, களத்திலிருந்தே ஆள் அனுப்பினார்கள், அவசர லோடு. போனோம். வண்டியின் மூக்கை மேற்கே திருப்பச் சொன்னேன். மூட்டை ஏறி முடிந்தது. நான் மேலே ஏறி, தார்ப்பாய்ச் சுருட்டைப் பிரித்து, முனைகளுக்கு டியூப் கொடுத்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினேன். முதல் முடிச்சைக் காலால் உதைத்து இழுத்து இறுக்கினேன். இறங்கி அதன் கீழேயே நின்றுகொண்டேன்.

மேஸ்திரி செம்போடு வந்தார்.

"தண்ணி வேணாம்ணே" என்றேன்.

"தள்ளிக்கம்மா."

"வேணாம்ணே. நைலான் கயிறு வழுக்கும். போன மாசம் வழுக்கி ஒருத்தி கையி போச்சு. உங்களுக்கும் தெரியும்."

"அது காத்து" என்றார். "காத்துக்கு நாங்க இன்னா பண்ண முடியும்? தண்ணி ஊத்தாம இந்தக் களத்துலேர்ந்து ஒரு வண்டி போனதில்ல. உனுக்குன்னு தனிச் சட்டமா? வேணாம்னா சரக்கு எறங்கட்டும்."

"எறக்குங்க" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"எறக்குங்கண்ணே. அத்தன மூட்டையும் எறக்குங்க. நான் கயிற அவுத்துத் தர்றேன், வெயிட் பண்றேன்."

மூட்டை தூக்கினவர்கள் அப்போதுதான் களைத்துப் போய் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்திருந்தார்கள். லோடின் உயரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தும்முகிற ஆள்கூடத் தும்மவில்லை.

மேஸ்திரிக்கு முகம் கறுத்துவிட்டது. "தம்பி, உன் வூட்டுக்காரிய கூப்புட்டுக்க. இன்னிக்கு ஊத்தலன்னா நாளையிலேர்ந்து இங்க வராத."

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் மறுபடி என் கையைப் பிடிப்பார், நான் மறுபடி விட்டுவிடுவேன். அந்தப் பயம் எனக்கு இருந்தது. மேஸ்திரியிடமே பேசினேன்.

"அண்ணே, களமருதூர்ல ஒருத்தி என்ன ஒரு கேள்வி கேட்டா. தெரிஞ்சுகினே ஏன் வுட்டன்னு. எனக்கு பதில் தெரியல. நீங்க பெரியவரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வண்டில எடம் இருக்குது. ஏறுங்க, வந்து அவகிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லி அவ சரின்னுட்டா, ஆயுசுக்கும் நீங்க ஊத்துங்க, நான் வாயத் தொறக்கல."

அவர் ஏறவில்லை. செம்பைப் பிடித்த கை நடுவில் நின்றது, முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. மனுஷருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் எட்டிச் செம்பை வாங்கினேன். அண்ணாந்து அவ்வளவு தண்ணீரையும் குடித்தேன். மஞ்சள் தொண்டையைக் கரித்தது. காலிச் செம்பை அவர் கையில் கொடுத்தேன்.

"நல்லபடியா போய்ட்டு வர்றோம்ணே" என்றேன்.

பின்னால் எஞ்சின் கிளம்புகிற சத்தம் கேட்டது. திரும்பினால் என் வீட்டுக்காரர் கேபினில் உட்கார்ந்து, எனக்காக அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார். ஏறினேன்.  கள்ளக்குறிச்சி தாண்டினதும் மரத்தடியில் நிறுத்தினார். "எறங்கு" என்றார், அவரும் கூடவே இறங்கி என் பின்னாலேயே சுற்றி வந்தார். எல்லா முடிச்சும் பிடியாக இருந்தது.

அந்தக் களத்தில் அதுதான் எங்கள் கடைசி லோடு. இப்போது நாங்கள் மலைக்கே போய் ஏற்றுகிறோம். வெள்ளிமலைப் பக்கம் வளைவுக்கு வளைவு காற்று திசை மாறும், ஒரு நடைக்கு இரண்டு நடை நேரம் ஆகும், டீசலும் ஜாஸ்தி. கஷ்டம்தான். கஷ்டமில்லை என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? மற்ற வண்டிகளுக்கு மேஸ்திரி இன்னும் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார். எந்த டிரைவரைப் பார்த்தாலும் நான் சொல்கிறேன், வழியில் நிறுத்தித் துடைத்துக் கட்டு என்று. சிலர் செய்கிறார்கள்.

அந்தக் கடைசி லோடு ஏற்றின அன்றைக்கு மில்லுக்கு நேர் வழி இருந்தும் களமருதூர் வழியாகத்தான் போகச் சொன்னேன். அவள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினோம். மாவுக்கட்டைப் பிரித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே கூடியிருந்தது. வாசலில் இருந்தவள் எழுந்து வந்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. முதல் முடிச்சிலிருந்து தொங்கின கயிற்றைக் காட்டினேன்.

"புடிச்சுப் பாரு" என்றேன்.

என்னைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். இடது கையை நீட்டியிருக்கலாம். வலது கையால் பிடித்தாள். உடம்பு எடை முழுவதையும் கொடுத்து இழுத்தாள். வலித்திருக்கும், உதட்டைக் கடித்துக்கொண்டாள், விடவில்லை. முடிச்சு அசையவில்லை.

"ம்" என்றாள். "போ."